பெட்டியில் பூட்டினால் பத்திரமா?

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2006 முதல் 2010 வரை இங்கே மின்னணுவியல் துறையில் படித்தவன். பதினைந்து நாளைக்கு முன் நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "தம்பி, நீ இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உன் இஷ்டம். ஆனா செயற்கை நுண்ணறிவு மட்டும் வேண்டாம்ப்பா, போன வருஷமே மூணு பேர் பேசிட்டாங்க" என்றார். (சிரிப்பு) சரி, எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள், நாம் கடந்த காலத்தைப் பார்ப்போம் என்று பழைய வீடியோ கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதோ, இதுதான்.

மாணவர்களை ஒன்று கேட்கிறேன். இந்த கேசட்டை டெக்கில் போட்டு ஓட்டிப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு... நாலே பேர். இப்போது பெரியவர்கள். வீட்டில் இன்னும் இப்படிக் கேசட் வைத்திருப்பவர்கள்? பாதி சபை கை தூக்குகிறது. அதை ஓட்டிப் பார்க்க, இன்றைக்கு வேலை செய்கிற டெக் வீட்டில் உள்ளவர்கள்? ஒருவரும் இல்லை. பார்த்தீர்களா, நான் சொல்ல வந்ததில் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

என் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். என் அப்பா துபாயில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். 1994-இல் வரும்போது ஒரு வி.சி.ஆர். கொண்டு வந்தார். தெருவே எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படம் பார்த்த காலம் அது. 2001-இல் அப்பா அங்கேயே மாரடைப்பில் காலமானார். எனக்கு 12 வயது. தங்கைக்கு 8.

அப்பாவின் போட்டோ நிறைய இருக்கிறது. குரல் இல்லை. அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதில் ஆடியோ கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். அப்பாவும் அனுப்பினார். அவற்றை என்ன செய்தேன் தெரியுமா? எட்டாம் வகுப்பு படிக்கும்போது, காலி கேசட் வாங்கக் காசில்லாமல், அவற்றின் மேலேயே சினிமாப் பாட்டைப் பதிந்தேன். ஒன்றல்ல, இருந்த ஐந்திலும். அப்போது அது தப்பு என்றே தோன்றவில்லை. இதை இந்த மேடையில் சொல்வது சுலபமாக இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

2022-இல் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி விருந்து. அதற்கு முதல் வாரம் தங்கை கேட்டாள்: "அண்ணே, எனக்குக் காது குத்துனப்போ வீடியோ எடுத்தாங்கள்ல? அதுல அப்பா பேசுவாராண்ணே? எனக்கு அவர் குரல் சுத்தமா ஞாபகம் இல்ல."

அந்தக் காதுகுத்து நடந்தது 1996-இல். அப்பா லீவில் வந்திருந்தபோது நடந்தது. வீடியோ இருந்தது. 2005 வாக்கில் அம்மா அதை டவுனில் ஒரு கடையில் கொடுத்து வி.சி.டி.யாக மாற்றியும் வைத்திருந்தார். "அதெல்லாம் சிடி போட்டாச்சு, பத்திரமா இருக்கு" என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சிடியை எடுத்துப் போட்டால் பாதி ஓடவில்லை. ஓடிய பாதியில் படம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வி.சி.டி.யில் ஒரு படத்துக்கு 352க்கு 288 புள்ளிகள்தான். அதைவிடக் கொடுமை, ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு. ஆட்கள் வாயசைக்கிறார்கள், பாட்டு கேட்கிறது. அப்பா சிரிக்கிறார், பேசுகிறார், கையை ஆட்டிக் கூப்பிடுகிறார். கேட்பது பாட்டுதான்.

பாட்டு போட்ட வீடியோக்காரரை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்குப் பாட்டு இல்லாமல் கேசட் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். நாமும் அதைத்தான் கேட்டோம்.

சரி, மூல கேசட்டையே பார்ப்போம் என்று அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழைய பட்டுப் புடவைக்கு அடியில் ஏழு கேசட். அந்துருண்டையெல்லாம் போட்டு, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். இதைவிடப் பத்திரம் வேறென்ன? பரணில் கிடந்த அப்பாவின் டெக்கையும் எடுத்துத் துடைத்தேன். நான்தான் இன்ஜினீயர் ஆயிற்றே! பவர் விளக்கு எரிந்தது. முதலில் கையில் அகப்பட்ட கேசட்டை, மாமா கல்யாணம் 1995, உள்ளே தள்ளினேன்.

இரண்டு நிமிடம் ஓடியது. படத்தில் வெள்ளைக் கோடுகள். பிறகு திரை முழுக்கப் பூச்சி பறந்தது. பிறகு உள்ளே கர்ரக் என்று ஒரு சத்தம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் நாடா தலை உருளையில் சுற்றிக்கொண்டு கசங்கிக் கிடந்தது. வெளியே எடுக்கும்போது அறுந்தது. கேசட்டின் கண்ணாடி வழியாக அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. அறுந்து கசங்கிய அந்த இடத்தில்தான் என் அப்பத்தா மணமக்களுக்குத் திருநீறு பூசும் காட்சி இருந்ததாக அம்மா பிறகு சொன்னார். அப்பத்தா நடமாடி நான் பார்க்கக்கூடிய ஒரே இடம் அதுதான். போய்விட்டது. எவரும் செய்ததில்லை, நான் செய்தது. ஐந்து நிமிடம் பொறுமையாக டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கும்.

அன்று டெக்கை மூடி வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். நாம் இந்தக் கல்லூரியில் காந்தப் பதிவைப் பற்றித் தேர்வுக்குப் படித்திருக்கிறோம். ஐந்து மதிப்பெண் கேள்வி. அதை உண்மையாகப் படித்தது அன்றைக்குத்தான்.

இந்த வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வெளியிட்டது. அரை அங்குல அகல நாடா. மூன்று மணி நேரக் கேசட்டில் 250 மீட்டருக்கு மேல் நாடா இருக்கும். அடியில் பாலியெஸ்டர் பிலிம், அதன் மேல் ஒரு பசை, பசைக்குள் இரும்பு ஆக்சைடு துகள்கள். நம் கல்யாணமும் காதுகுத்தும் அந்தத் துகள்களில்தான் இருக்கின்றன. துகள் எளிதில் கெடாது. கெடுவது பசை. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து அது மெல்லச் சிதைகிறது. ஈரமும் வெப்பமும் தூசியும் சேர்ந்தால் பூஞ்சை. நம் ஊரில் இந்த மூன்றுக்கும் என்ன பஞ்சம்? ஆக, பெட்டியில் பூட்டி வைத்தபோதும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

நாடா ஒரு பக்கம் சாகிறது என்றால், அதை ஓட்டும் இயந்திரம் அதைவிட வேகமாகச் சாகிறது. டெக்கில் உள்ள ரப்பர் பெல்ட் இளகிவிடுகிறது, ரப்பர் உருளை இறுகிவிடுகிறது, மின்தேக்கிகள் கசிகின்றன. புதிதாக வாங்கவும் வழியில்லை. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. உதிரிபாகம் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இலேயே 'காலக்கெடு 2025' என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. 2025-க்குள் எண்முறைக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை நிரந்தரமாகப் போய்விடும் என்பது அதன் சாரம். யுனெஸ்கோவும் 2019-இல் இதே எச்சரிக்கையை உலகம் முழுக்க அனுப்பியது. நாடு நடத்தும் காப்பகத்துக்கே இந்தக் கவலை என்றால், அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு?

மறுபடி கதைக்கு வருகிறேன். காதுகுத்துக் கேசட்டிலும் கொஞ்சம் பூஞ்சை இருந்தது. இந்த முறை அதைத் தொடவில்லை. அந்த விழாவை வீடியோ எடுத்தவரைத் தேடிப் போனேன். இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கேசட்டைக் கையில் வாங்கி, ஸ்டிக்கரில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"தம்பி, இது எடிட் பண்ண கேசட் இல்ல. சின்ன விசேஷம், பட்ஜெட் கம்மி. கேமராவுல ஓடுன அதே டேப்பு. டெக்குல போட்டு ஆடியோ டப் பட்டனை அமுக்கிப் பாட்டை ஏத்திக் குடுத்தேன்."

"அப்போ பேசுனதெல்லாம் அழிஞ்சிருச்சாண்ணே?"

"அழிஞ்சுதான் போயிருக்கும். அது மேலதான பாட்டு ஏறுச்சு? ஆனா ஒண்ணு, அப்பத்தான் புதுக் கேமரா வாங்கியிருந்தேன். ஹைஃபை கேமரா. அந்த ஏரியாவுல என்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு."

ஹைஃபை என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏன் என்று தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வி.எச்.எஸ். நாடாவில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, நாடாவின் மேல் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் சாதாரண ஒலித்தடம். நம் பாட்டு கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். வீடியோ கேசட்டோ 2.34 சென்டிமீட்டர்தான். பாதி வேகம். அதனால்தான் அந்த ஒலி போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். இன்னொன்று ஹைஃபை தடம். வீடியோ டெக்கின் உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. இது நம் நாட்டு பால் முறைக்கு உள்ள கணக்கு. அந்த உருளையில் உள்ள தலைகள்தான் சாய்வுக்கோடு சாய்வுக்கோடாகப் படத்தை எழுதுகின்றன. ஹைஃபையில் அதே உருளையில் ஒலிக்கும் தனித் தலைகள் உண்டு. அவை முன்னால் போய் ஒலியை நாடாவின் பூச்சில் ஆழமாக எழுதும். பின்னாலேயே வரும் படத் தலை அதே இடத்தில் மேலாகப் படத்தை எழுதும். அடியில் குரல், மேலே படம்.

இப்போது கவனியுங்கள். ஆடியோ டப் பட்டனால் மாற்ற முடிவது ஓரத்தில் உள்ள சாதாரணத் தடத்தை மட்டும்தான். படத்துக்கு அடியில் உள்ள ஹைஃபை தடத்தைத் தொட வேண்டுமானால் படத்தையே அழிக்க வேண்டும். படம் இருக்கிறது. அப்படியானால் குரலும் இருக்க வேண்டும்! எங்கள் வீட்டு டெக் சாதாரண மோனோ டெக். சிடி போட்டுக் கொடுத்த கடையிலும் அப்படிப்பட்ட டெக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டும் ஓரத்துத் தடத்தை மட்டுமே படிக்கும். இருபத்தாறு வருஷமாக நாங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம், அடியில் இருந்ததைப் படிக்க எங்களிடம் இயந்திரம் இல்லை.

அண்ணனிடமே பழைய எஸ்.வி.எச்.எஸ். ஹைஃபை டெக் ஒன்று மூலையில் இருந்தது. பெல்ட் மாற்றி, தலைகளை ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துணியால் துடைத்து, வேண்டாத சினிமா கேசட் இரண்டை ஓட்டிச் சோதித்தோம். காதுகுத்துக் கேசட்டின் ஐந்து திருகுகளைக் கழற்றி, சுருளைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் சில நாள் உலர்த்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பூஞ்சையைக் கையாலேயே மெதுவாகத் துடைத்து எடுத்தோம். வேறொரு புது உறையில் சுருளை மாற்றினோம். இதற்கே மூன்று வாரம் ஆனது. தங்கை மகள் காதுகுத்தும் முடிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேசட்டை உள்ளே தள்ளினோம். படம் வந்தது. வழக்கம்போலப் பாட்டு. டெக்கின் முன்பக்கம் ஒலித்தடம் தேர்ந்தெடுக்கும் பட்டன் ஒன்று உண்டு. அண்ணன் என்னைப் பார்த்து, "நீயே அமுக்கு தம்பி" என்றார்.

பாட்டு நின்றது. ஆடு கத்தியது. பாத்திரம் உருண்டது. யாரோ இருமினார்கள். காற்றில் வேப்பமரம் இரைகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு அப்பா. "என்ன மச்சான், இன்னும் நின்னுக்கிட்டிருக்க? இலை போட்டாச்சு, வா வா. கறி ஆறிடப் போகுது."

அவ்வளவுதான். பெரிய அறிவுரை ஒன்றும் இல்லை, ஒரு சாப்பாட்டு அழைப்பு. இன்னும் இரண்டு இடத்தில் பேசுகிறார். ஓர் இடத்தில் பந்தியில் தண்ணீர் வைக்கவில்லை என்று சத்தம் போடுகிறார். இன்னோர் இடத்தில், தாய்மாமன் மடியில் தங்கை வீறிட்டு அழும்போது, படத்தில் தெரியாமல் பக்கத்தில் எங்கோ நின்றபடி, "அழாதடா தங்கம், முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்கிறார். மூன்றையும் சேர்த்தால் ஒரு நிமிடம்கூட வராது.

வீட்டுக்கு வந்து அம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அம்மா, "இவ்வளவு சத்தமாவா பேசுவாரு?" என்று மட்டும் கேட்டார். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தடவை போடுண்ணே" என்றாள். எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை.

நண்பர்களே, இந்தக் கதையைக் கண்ணீர் வரவழைக்கச் சொல்லவில்லை. ஒரே அலமாரி, ஒரே குடும்பம், ஒரே இன்ஜினீயர். ஒரு கேசட்டை அவசரப்பட்டுக் கொன்றேன். இன்னொன்றைப் பொறுமையால் மீட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் அறிவுதான். அதை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது, ஓட்டுவதற்கு முன் பாருங்கள். கேசட்டின் கண்ணாடியிலும், முன்மூடியைத் தூக்கியும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் தூளோ நூலோ தெரிந்தால் எந்த டெக்கிலும் போடாதீர்கள். அந்தக் கேசட் கெடுவதோடு, டெக்கில் ஒட்டிய பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனிப் பையில் போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இரண்டாவது, கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினால் எல்லாம் அழியும். நல்ல நிலையில் உள்ள கேசட்டை ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். பல வருஷமாக அசையாமல் இருந்த நாடாவின் இறுக்கம் சமனாகும்.

மூன்றாவது, டெக் ஹைஃபையா என்று கேளுங்கள். மாற்றித் தரும் கடைக்காரர் 'அதெல்லாம் ஒண்ணுதான் சார்' என்றால் வேறு கடை பாருங்கள். முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். பழைய நாடா இரண்டாவது முறை ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. இதில் குறுக்கு வழியும் கிடையாது. மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும்.

நான்காவது, டைம் பேஸ் கரெக்டர் என்ற வசதி உள்ள கருவி கிடைத்தால் விடாதீர்கள். நாடா ஓடும்போது வேகம் நுணுக்கமாக ஏறி இறங்கும். அதனால் படத்தின் கோடுகள் ஒரே இடத்தில் தொடங்காமல் ஓரம் நெளியும். அந்தக் கருவி ஒவ்வொரு கோட்டையும் பிடித்து வைத்து, சரியான நேரத்தில் வெளியே விடும். நான் முதலில் வாங்கிய சல்லிசான யு.எஸ்.பி. கருவியில் அரை மணி நேரத்துக்குள் வாயசைவு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போய்விட்டது.

ஐந்தாவது, இரண்டு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எதையும் இழக்காமல் சுருக்கிய மூலப்படி ஒன்று. அது மணிக்கு 30 ஜி.பி. அளவில் வரும். போனில் பார்க்க எம்.பி.4 படி ஒன்று. அது மணிக்கு இரண்டு மூன்று ஜி.பி. போதும். வண்ணம் திருத்துவது, இரைச்சல் குறைப்பது எல்லாம் இரண்டாவதில் செய்யுங்கள். மூலப்படியில் கை வைக்காதீர்கள்.

ஆறாவது, மாற்றியதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டு வி.சி.டி. கதை ஞாபகம் இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் போகும். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். சில வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிய டிஸ்க்கிற்கு மாற்றுங்கள். மாணவர்களே, இது உங்களுக்கும்தான். உங்கள் போனில் உள்ள ஆயிரம் வீடியோவும் அடுத்த போன் வாங்கும்போது எங்கே போகும் என்று யோசித்தீர்களா?

ஏழாவது, கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 2005-லேயே 'அதான் சிடி வந்துருச்சே' என்று அம்மா அதைக் குப்பையில் போட்டிருந்தால் என் தங்கைக்கு அந்தக் குரல் கிடைத்திருக்காது. நம்மிடம் இன்று இருக்கும் இயந்திரத்துக்குத் தெரியாதது நாடாவில் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இது தொழில்நுட்பம் அல்ல, ஆனால் எல்லாவற்றையும்விட அவசரம். நம் சங்க அறை இரும்பு அலமாரியின் மேல்தட்டில் 31 வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. நேற்று மாலை நானே எண்ணினேன். விளையாட்டு விழா, கல்லூரி நாள், பிரிவுபசார விழா என்று சிலவற்றில் ஸ்டிக்கர் இருக்கிறது. 11 கேசட்டில் ஸ்டிக்கரே இல்லை. 4 கேசட்டில் பூஞ்சை. நல்ல நிலையில் இருந்த ஒன்றைச் செயலாளரிடம் அனுமதி வாங்கி நேற்றிரவு ஓட்டினேன். கல்லூரி நாள், 1993. மேடையில் இருக்கும் சிறப்பு விருந்தினரை யாராலும் கண்டுபிடித்துவிட முடியும், அழைப்பிதழ் கோப்பில் இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் கேமரா திரும்பும்போது, காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் ஒரு கை நிறைய டம்ளரும் மறுகையில் வாளியுமாக மாணவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டு போகிறார். பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு கத்துகிறார்கள், அவர் சிரிக்கிறார். அவர் யார்? எனக்குத் தெரியாது. எந்தக் கோப்பிலும் இருக்காது. அந்த மோரைக் குடித்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். ஆனால் எத்தனை வருஷத்துக்கு?

படத்தை நான் காப்பாற்றிவிடலாம். பேரை நான் காப்பாற்ற முடியாது. பேர் தெரியாத படம் பத்து வருஷத்தில் வெறும் படமாகிவிடும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, பரணில் டெக் வைத்திருக்கும் அண்ணன்மார் அக்காமார், ரிப்பேராக இருந்தாலும் பரவாயில்லை, பழைய இரும்புக்குப் போடாமல் சங்கத்துக்குக் கொடுங்கள். மூன்று செத்த டெக்கிலிருந்து ஒரு உயிருள்ள டெக் செய்யலாம். இரண்டு, மின்னணுவியல் துறை மாணவர்கள் இதை ஒரு புராஜெக்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதிகளில் வந்து சொல்லித்தர நான் தயார். எந்தக் கேசட்டையும் என்னைப்போல் அவசரப்பட்டு உள்ளே தள்ள மாட்டோம் என்று ஒரு சத்தியம் மட்டும் செய்தால் போதும். (சிரிப்பு) மூன்று, நாளைக் காலை பத்து மணிக்குக் கருத்தரங்கக் கூடத்தில் அந்த 1993 கேசட்டைப் போடப் போகிறோம். ஹைஃபையா என்றும் பார்ப்போம். தெரிந்த முகம் வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். நிமிடத்தையும் பெயரையும் எழுத மாணவர்கள் நோட்டோடு இருப்பார்கள்.

டிபன் சாப்பிட்டுவிட்டு நேரே வந்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கண்ணாடியை எடுத்து வாருங்கள்.